ஒரு வாக்கியத்தைச் சரிபார்த்துத் தரும்படி கேட்பதற்கு முன்

"விண்ணப்பித்த ஒவ்வொரு உறுப்பினர்களின் பெயர்களையும் சரிபார்க்கப்பட்டு பட்டியல் வெளியிடப்பட்டுள்ளன." ஒரு சங்கத்தின் அறிவிப்பில் முதல் வரியாகப் போக வேண்டிய வாக்கியம் இது. படித்தவுடன் ஏதோ இடறுகிறது, எங்கே என்றுதான் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வரியைத் திருத்தி வாங்குவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் உதவி கேட்டவர்கள் எல்லாரும் தமிழ் தெரிந்தவர்கள்தான், மனமுவந்து உதவியவர்கள்தான். ஒருவர் 'சரிபார்க்கப்பட்டுப் பட்டியல்' என்று நடுவில் 'ப்' என்ற ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டு, இப்போது சரி என்றார். இன்னொருவர் கடைசிச் சொல்லை 'வெளியிடப்பட்டுள்ளது' என்று மாற்றினார், மற்றதைத் தொடவில்லை. ஒரு மென்பொருள் வாக்கியம் முழுவதையும் வேறாக எழுதித் தந்தது. அதில் 'விண்ணப்பித்த' என்ற சொல்லே காணாமல் போயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் விண்ணப்பிக்காதவர் பெயரும் பட்டியலில் உண்டு என்று பொருளாகியிருக்கும். அச்சடித்து வந்த பிறகு மிச்சப் பிழை கண்ணில் பட்டது. தாள்களைக் கழித்துவிட்டு மறுபடி அச்சடித்ததில் போன பணம் ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை பேரைக் கேட்டும் இப்படி ஆயிற்றே என்ற ஆற்றாமைதான் அதைவிடப் பெரிதாக இருந்தது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியவற்றை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கேட்கும் விதம். 'இது சரியா?' என்று கேட்டால் 'சரி' என்றோ 'இல்லை' என்றோதான் பதில் வரும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் ஒரு பிழையைத் திருத்திவிட்டு நிறுத்திவிடுவார். அது அவர் குற்றமில்லை, கேள்வி அவ்வளவுதான் கேட்டது. வாக்கியத்தோடு நான்கு செய்திகளைச் சேர்த்து அனுப்புங்கள். அதன் முன்னும் பின்னும் வரும் வாக்கியங்கள், யார் படிக்கப்போகிறார்கள் என்பது, நீங்கள் சொல்ல நினைத்ததை எந்த அலங்காரமும் இல்லாமல் பேச்சுத் தமிழில் ஒருமுறை, உங்களுக்கு எந்தச் சொல்லில் சந்தேகம் என்பது. இப்படி: "ஐயா, இது உறுப்பினர்களுக்கான அறிவிப்பில் முதல் வரி. அடுத்த வரி சந்தாவைப் பற்றியது. விண்ணப்பம் போட்டவங்க பேரையெல்லாம் ஒண்ணுவிடாம சரிபார்த்துட்டோம், லிஸ்ட்டும் போட்டாச்சு, இதுதான் சொல்ல வந்தது. 'வெளியிடப்பட்டுள்ளன' என்பது பன்மையில் வரலாமா என்பது ஒரு சந்தேகம். வேறு எந்தப் பிழை இருந்தாலும், எத்தனை இருந்தாலும், காரணத்தோடு சொல்லுங்கள்." கடைசி வரி மிக முக்கியம். 'எத்தனை இருந்தாலும்' என்று கேட்டால்தான் இரண்டாவது பிழையைத் தேடுவார்கள்.

சொல்ல நினைத்தது என்ன என்பதை ஏன் தர வேண்டும் என்றால், பல வாக்கியங்களில் இலக்கணம் சரியாக இருக்கும், பொருள்தான் இரண்டாகப் பிரியும். 'பழைய ஆசிரியரின் கடிதம்' என்பதில் பழையவர் ஆசிரியரா, பழையது கடிதமா? எழுதியவர் சொன்னால் தவிர யாருக்கும் தெரியாது. கடிதம்தான் பழையது என்றால் 'ஆசிரியரின் பழைய கடிதம்' என்று அடையை நகர்த்தினால் போதும். 'மட்டும்' இன்னும் வம்பு பிடித்தது. 'நான் மட்டும் நேற்று அவரிடம் பேசினேன்', 'நான் நேற்று மட்டும் அவரிடம் பேசினேன்', 'நான் நேற்று அவரிடம் மட்டும் பேசினேன்' மூன்றும் பிழையற்றவை, மூன்றுக்கும் பொருள் வேறு. கருத்தைச் சொல்லாமல் அனுப்பினால், திருத்துபவர் தனக்குத் தோன்றிய பொருளுக்கு ஏற்பத் திருத்துவார். நமக்கு வேண்டாத ஒன்று மிக அழகான தமிழில் திரும்பி வரும்.

வாக்கியத்தைப் படமாக எடுத்து அனுப்ப வேண்டாம். படத்தில் காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரியும், ஒற்றுப் புள்ளி மங்கிவிடும். பார்ப்பவர் தாமே தட்டச்சு செய்து திருத்தினால் அவர் கைப்பிழையும் அதில் சேரும். எழுத்தாகவே, ஒருங்குறியில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பு என்றால் முதலில் மாற்றி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

அடுத்து, பிறரிடம் போவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை. இவற்றுக்குப் பெரிய இலக்கணப் புலமை தேவையில்லை. வாக்கியத்தின் கடைசி வினையை எடுத்துக்கொண்டு 'யார்?' அல்லது 'எது?' என்று கேளுங்கள். 'எது வெளியிடப்பட்டது?' பட்டியல். நடுவில் இருப்பதை எல்லாம் மறைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் சேர்த்துப் படியுங்கள்: 'பட்டியல் வெளியிடப்பட்டுள்ளன.' இப்போது காதே சொல்லிவிடும். உறுப்பினர்கள், பெயர்கள் என்று பன்மைச் சொற்கள் பக்கத்தில் இருப்பதால் வினையும் பன்மைக்கு இழுபட்டுப் போகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்தப் பிழை வரும். 'பறவைகள் பறந்தது' என்ற பிழையை எவரும் கண்டுபிடிப்பார்கள். 'கிளைகளில் கூடு கட்டியிருந்த பறவைகள் புயல் ஓய்ந்த பிறகு மெல்லத் திரும்பி வந்தது' என்று நீண்டுவிட்டால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இரண்டாவது, 'படு' சேர்ந்த செயப்பாட்டு வினை வந்தால், எந்தப் பொருள் அந்தச் செயலுக்கு ஆளாகிறதோ அதற்கு 'ஐ' உருபு வராது. 'பெயர்களைச் சரிபார்த்தார்கள்' அல்லது 'பெயர்கள் சரிபார்க்கப்பட்டன'. இரண்டையும் கலந்து 'பெயர்களைச் சரிபார்க்கப்பட்டன' என்பதுதான் அறிவிப்புகளிலும் விண்ணப்பங்களிலும் இன்று மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை. 'மனுவைச் சமர்ப்பிக்கப்பட்டது', 'அவரைத் தலைவராக நியமிக்கப்பட்டார்' எல்லாம் இந்த வகைதான். ஆனால் 'படு' என்ற எழுத்துகளைக் கண்டவுடன் 'ஐ'யை அடித்துவிடக் கூடாது. 'பணத்தைக் கஷ்டப்பட்டுச் சேர்த்தார்' முற்றிலும் சரி. அங்கே 'கஷ்டப்படு' செயப்பாட்டு வினை அல்ல, 'பணத்தை' என்பதும் 'சேர்த்தார்' என்ற வினைக்கு உரியது. அவசரமாகத் திருத்துபவர்கள் தவறுகிற இடம் இது.

மூன்றாவது, 'ஒவ்வொரு'. அதன் பின் ஒருமைதான் வரும். 'ஒவ்வொரு மாணவர்களும்' தவறு, 'ஒவ்வொரு மாணவரும்' சரி. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் 'ஒரு' என்பது 'ஓர்' ஆவதுபோல் இதுவும் 'ஒவ்வோர்' ஆகும், அதாவது 'ஒவ்வோர் உறுப்பினரின்'. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 'ஐந்து புத்தகம்', 'பத்து மரம்' என்று எண்ணுக்குப் பின் அஃறிணைப் பெயர் 'கள்' இல்லாமல் வருவது தமிழுக்கு இயல்பு. யாராவது அதைப் பிழை என்று திருத்தினால் ஏற்க வேண்டியதில்லை.

நான்காவது, 'செய்து' என்ற வடிவில் வரும் வினையெச்சம். அதைச் செய்தவரும் கடைசி வினையைச் செய்தவரும் பொதுவாக ஒருவராகவே இருக்க வேண்டும். 'கதவைத் திறந்து பூனை உள்ளே வந்தது' என்றால் பூனைதான் கதவைத் திறந்தது என்று ஆகிறது. திறந்தவர் வேறொருவர் என்றால் 'அவர் கதவைத் திறந்ததும் பூனை உள்ளே வந்தது' என்று எழுத வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போலக் காரணமும் விளைவுமாக வருபவற்றை மொழி ஏற்றுக்கொள்கிறது, அதைத் திருத்தத் தேவையில்லை. நம் அறிவிப்பு வாக்கியத்திலும் இந்த நெருடல் இருக்கிறது. சரிபார்க்கப்பட்டது பெயர், வெளியிடப்பட்டது பட்டியல். பிழைகளை எல்லாம் திருத்தினால் 'விண்ணப்பித்த ஒவ்வோர் உறுப்பினரின் பெயரும் சரிபார்க்கப்பட்டுப் பட்டியல் வெளியிடப்பட்டுள்ளது' என்று வரும். பிழை இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது. செய்வினைக்கு மாற்றினால் எழுவாய்ச் சிக்கலே மறைந்துவிடும்: 'விண்ணப்பித்த ஒவ்வோர் உறுப்பினரின் பெயரையும் சரிபார்த்துப் பட்டியலை வெளியிட்டுள்ளோம்.' இதைத்தான் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். செயப்பாட்டு வினை எழுதினால்தான் அறிவிப்புக்குக் கம்பீரம் என்ற நினைப்பு எத்தனையோ வாக்கியங்களைக் கெடுக்கிறது, அதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒற்றெழுத்தைக் கடைசியில் பாருங்கள். உதவிக்கு வருபவர்கள் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். சொல்லை மாற்றினால் ஒற்றும் மாறும் என்பதால், அமைப்பு முடிவாகும் முன் ஒற்றைத் திருத்துவது இரட்டை வேலை. மேலே 'சரிபார்க்கப்பட்டுப் பட்டியல்' என்று போட்ட ஒற்று, நடுவில் காற்புள்ளி வைத்தால் தேவைப்படாது. 'சரிபார்க்கப்பட்டன. பட்டியல்' என்று இரண்டாக வெட்டினாலும் தேவைப்படாது. தொடர்ந்து குழப்பும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன், இவை கைவசம் இருந்தால் அன்றாட வாக்கியங்களில் பெரும்பகுதி சரியாகிவிடும். 'ஐ', 'கு' உருபுகள் வெளிப்படையாக இருந்தால் ஒற்று மிகும்: புத்தகத்தைப் படித்தான், வீட்டுக்குப் போனான். 'அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி' பின்னும், 'ஆக', 'என' பின்னும் மிகும்: அந்தப் பையன், சரியாகச் சொன்னான், எனக் கேட்டான். ஆனால் 'சரியான பதில்' என்பதில் மிகாது, அது பெயரெச்சம். 'சரியானப் பதில்' என்று எழுதுபவர்கள் 'சரியாகச் சொன்னான்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அதேபோல் 'எனக் கேட்டான்' என்பதைப் பார்த்து 'என்றுக் கேட்டான்' என்று எழுதுவதும் தவறு, 'என்று கேட்டான்' என்பதே சரி.

'து, டு, று' என்று முடியும் வினையெச்சங்களுக்கு எளிய வழி உண்டு. அந்த எழுத்துக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். வல்லின மெய் இருந்தால் மிகும்: படித்துப் பார்த்தான், கேட்டுச் சொன்னான், விற்றுத் தீர்த்தான். மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து பார்த்தான், கொண்டு போனான், செய்து கொடுத்தான். வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்று பள்ளியில் படித்ததன் பயன் இதுதான். ஒற்று வெறும் அழகுக்கு வருவதும் அல்ல. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான், 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கொடுத்தான். 'பொய் சொல்' என்பது ஏவல், 'பொய்ச்சொல்' என்பது பெயர். 'நடுகல்' நட்ட கல், 'நடுக்கல்' நடுவில் இருக்கும் கல். ஐயம் வந்தால் எல்லா இடத்திலும் ஒற்றெழுத்தைப் போட்டு வைப்பவர்களும், இந்தக் காலத்தில் எதற்கு என்று எல்லா இடத்திலும் விடுபவர்களும் இந்த வேறுபாட்டை இழந்துவிடுகிறார்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு வருவோம். தமிழாசிரியர்கள் விதியைச் சொல்வார்கள், காரணம் கேட்டால் மகிழ்வார்கள். ஆனால் அலுவலகக் கடிதத்தையும் செய்யுள் போல இறுக்கிவிடுவதுண்டு. மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பவர்களுக்கு, கண் கூர்மை, ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பது அவர்களிடம் தப்பாது. இலக்கணம் படிக்காத, நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவரும் வேண்டும். 'முதல் வாசிப்பில் எங்கே நின்றீர்கள்?' என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். அவர் நின்ற இடத்தில் சிக்கல் இருக்கும், காரணத்தை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதானால், எழுத்துப்பிழையும் ஒற்றும் மட்டுமா, வாக்கிய அமைப்புமா, நடையையும் மாற்றுவார்களா என்பதை முன்னதாகவே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். திருத்தியதை ஒருமுறை திரும்ப அனுப்பிக் கேட்டால் அதுவும் அதே கட்டணத்தில் அடங்குமா என்பதையும்தான். மாற்றங்கள் தெரியும்படி திருத்தித் தரச் சொல்லுங்கள். சுத்தமாகத் திருத்திய பிரதி மட்டும் வந்தால் எது ஏன் மாறியது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஒப்பிட வேண்டியிருக்கும், பணம் கொடுத்தும் நேரம் போகும். இன்னொன்று, திருத்துபவரின் பேச்சு வழக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஈழத்து எழுத்தில் 'கதைத்தார்' என்று இருப்பதைப் 'பேசினார்' என்று மாற்றுவது இலக்கணத் திருத்தம் ஆகாது.

மென்பொருள்களில் எழுத்துப்பிழைக்கு வாணி, ஒற்றுக்கு நாவி என்று தமிழுக்கென்றே செய்தவை இருக்கின்றன, முதல் சுற்றுக்கு நன்றாகவே உதவும். ஆனால் சொல்லைத் தனியாகப் பார்க்கும் எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 'அவள் வந்தால் என்று சொன்னாள்' என்பதில் 'வந்தாள்' என்று இருக்க வேண்டும். 'வந்தால்' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே, அதனால் அடிக்கோடு விழாது. பனி, பணி, மனம், மணம், கரை, கறை, அரை, அறை எல்லாம் இப்படித்தான் தப்பும். இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சிக்கல் வேறு. அவை கேட்காமலே வாக்கியத்தை மாற்றி எழுதும், இல்லாத விதியை இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லும். 'மாற்றி எழுத வேண்டாம், பிழையான சொல்லை மட்டும் காட்டு, ஒவ்வொன்றுக்கும் விதியைச் சொல், அதே விதிக்கு வேறு இரண்டு எடுத்துக்காட்டு கொடு' என்று கேளுங்கள். எடுத்துக்காட்டுகள் விதியோடு ஒட்டவில்லை என்றால் விதியே ஐயத்துக்குரியது. நிச்சயமாகச் சரி என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு வாக்கியத்தையும் நடுவில் கொடுத்துப் பாருங்கள். அதிலும் பிழை கண்டுபிடித்தால், மற்றத் திருத்தங்களை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். பழைய இலக்கண நூலின் நூற்பா எண் சொன்னால் அந்த நூலைத் திறந்து பார்த்துவிட வேண்டும். உயிர் ஈற்றுக்குப் பின் க, ச, த, ப மிகும் என்ற பொதுவிதி நன்னூலில் 165ஆம் நூற்பா. இப்படிச் சரிபார்க்க முடிகிற மேற்கோளைத்தான் ஏற்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலக்கணப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, விதியின் பெயர் தெரிந்தால் அங்கே தேடிவிடலாம்.

நல்ல தமிழ் தெரிந்த இருவர் இரண்டு விதமாகச் சொல்லும் நிலையும் வரும். பயந்துபோக வேண்டாம், பல இடங்களில் இருவருமே சரியாக இருப்பார்கள். நன்னூல் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 'அது அன்று, அவை அல்ல' என்ற வேறுபாடு அதன்படி உண்டு. இன்றைய உரைநடையில் ஒருமைக்கும் 'அல்ல' வருகிறது, அதைப் பிழை என்று பெரும்பாலோர் நிறுத்துவதில்லை. 'எனது மகன்' என்பதைப் பழைய விதி ஏற்காது, 'அது' உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது என்பதால் 'என் மகன்' என்றே சொல்லும். 'வாழ்த்துகள்' என்பவர் 'கள்' தனிச்சொல் அல்ல, விகுதி என்கிறார். 'வாழ்த்துக்கள்' என்பவர் நெடுநாள் வழக்கைக் காட்டுகிறார். இத்தகைய இடங்களில் 'இது பழைய விதிப்படி தவறா, இன்றைய வழக்கின்படியும் தவறா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்றைய வழக்கைப் பார்க்க 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உதவும், எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொல்லும். பழைய சொல்லாட்சியைப் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அகராதியான தமிழ் லெக்சிகன் உதவும். தேர்வுக்கும் போட்டிக்கும் எழுதுவதானால் பழைய விதியின் பக்கம் நில்லுங்கள், மற்றவற்றுக்கு ஒன்றைத் தேர்ந்து ஆவணம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். ஆனால் 'சுவற்றில்' போன்றவற்றுக்கு இந்தச் சலுகை வேண்டாம். 'கிணறு' என்பது 'கிணற்றில்' ஆகும், 'சுவர்' என்பது 'சுவரில்' ஆகும்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். பக்க வடிவமைப்புக்குப் போகும்போது எழுத்துரு மாறினால் புள்ளிகள் உதிரும், வரி மடங்கும் இடத்தில் ஒற்று மட்டும் அடுத்த வரிக்குத் தனியாகப் போய் நிற்கும். அச்சுக்கு ஒப்புதல் தரும் முன், இறுதிப் பிரதியைத் திருத்திய வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்து, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கி ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிப் படியுங்கள். அப்படிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரியும். அறிவிப்பு எவ்வளவு சிறியதானாலும் இதை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் பிரதியைப் பார்த்துச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.